கயாக்கில் கொடுவா: கடைமடைக் கழிமுகங்களில் தூண்டில் போடும் முறை

யூடியூபில் கயாக் மீன்பிடி என்று தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பதைப் பற்றியது. ஓடாத தண்ணீர், ஓரமெல்லாம் புல், கரையை ஒட்டி மெதுவாகத் துடுப்புப் போட்டபடி வீசிக்கொண்டே போவார்கள். அதே முறையைக் காவிரி டெல்டாவின் வெட்டாற்றிலோ கொள்ளிட முகத்திலோ செய்து பார்த்தால் வெயில்தான் மிச்சம். நம் ஊர்க் கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்றுதான் பெயர், இனம் வேறு. அது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் (கடல் ஓதம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும்) கட்டுப்பட்ட மீன். ஓட்டம் இரையை அடித்துக்கொண்டு வரும் வழியில், ஓட்டம் படாத ஒரு மறைவில், மூக்கை எதிர்நீருக்குக் காட்டி நிற்கும். இரை வாய்க்கு நேரே வரவேண்டும். இரண்டு அடி தள்ளிப் போனாலும் பல நேரம் திரும்பிப் பார்க்காது.

அதனால் கயாக்கில் முதலில் கற்க வேண்டியது வீசும் கலை கிடையாது. எங்கே நிற்பது, எப்படி நிலையாக நிற்பது என்பதைத்தான். லூர் (செயற்கை இரை) வாங்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே மீன் வரும்.

காலமும் தண்ணீரும்

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். அது கடைமடை வந்து சேர்வதற்குள் ஆடி பிறந்துவிடும். அதன்பின் வடிகால்கள் வழியே நன்னீர் கழிமுகத்துக்குள் இறங்க ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். கொடுவா முகத்துவாரத்தை நோக்கி ஒதுங்கும். அந்த நாட்களில் கயாக் வீட்டில் இருப்பதே நல்லது. கொள்ளிடத்தில் உபரிநீர் திறப்பு அறிவித்திருந்தால், உங்கள் இடத்தில் அன்று தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்க வேண்டாம். முக்கொம்பிலோ கல்லணையிலோ திறந்தது கீழே வந்து சேர நாளாகும், ஆனால் வரும்.

தை பாதியில் தொடங்கி சித்திரை வரை நல்ல காலம். தண்ணீர் தெளியும், உப்பு உள்ளே ஏறும், மடவைக் குஞ்சும் இறாலும் ஓடைகளுக்குள் நிறையும், பின்னாலேயே கொடுவா வரும். ஒன்றைக் கவனியுங்கள்: கோடையில் சிறிய ஆறுகளின் முகத்துவாரம் மணலால் அடைபடுவதுண்டு. அடைபட்டால் உள்ளே ஏற்ற வற்றம் இருக்காது. குளம் போலக் கிடக்கும் அந்த நீரில் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது. முகம் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள்.

நம் கரையில் ஏற்ற இறக்கம் குறைவு, ஒரு மீட்டர்கூட வராது. ஆனாலும் அகன்ற ஓடை குறுகும் இடத்தில், பாலத்தூண்களுக்கு நடுவில், ஓட்டம் துடுப்பை வளைக்கும் அளவுக்கு இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாட்களில் ஓட்டம் அதிகம். அட்டமியை ஒட்டி மந்தம். நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணை செயலிகளில் கிடைக்கும். ஆனால் அது கடலோர நேரம். ஆற்றுக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் போனால் ஓதம் திரும்பும் நேரம் தாமதமாகும், இடத்துக்கு இடம் மாறும். கரையோரம் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போட்டு, மட்டம் இறங்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு நாள் குறித்தால் உங்கள் இடத்தின் தாமதம் எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். அதன்பின் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிக் கணக்கிட வேண்டியதுதான்.

நாள் முழுக்க நிற்கத் தேவையில்லை. வற்றம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரம்தான் முக்கியம். கண்டல் (அலையாத்தி) வேருக்குள்ளும் சேற்று மேட்டிலும் ஒளிந்திருந்த சின்ன மீன் தண்ணீரோடு சேர்ந்து ஓடைவாய்க்கு இறங்கியாக வேண்டும். கொடுவா அங்கே காத்திருக்கும். இந்த வற்றம் விடியலிலோ பொழுது சாயும்போதோ விழுகிற நாளாகப் பார்த்து விடுப்பு எடுங்கள்.

மீன் நிற்கும் இடங்கள்

வடிகால் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உப்புநீர் மேலேறாமல் தடுக்க ஷட்டர் வைத்த இயக்கணைகள் கட்டியிருப்பார்கள். ஷட்டர் கொஞ்சம் திறந்து நன்னீர் விழும்போது, ஆற்று மீன் குஞ்சுகள் தலைசுற்றி வந்து விழும். அதற்குக் கீழே ஓட்டம் அடங்கி நுரை சுழலும் விளிம்பு, டெல்டாவில் கொடுவா கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. மிக ஆபத்தான இடமும் அதுவே. தண்ணீர் விழும் இடத்தில் மேல்மட்ட ஓட்டம் பின்னோக்கிச் சுழன்று படகைச் சுவர் பக்கம் இழுக்கும். 50 மீட்டருக்குள் போகாதீர்கள். மேல்பக்கத்திலிருந்து நெருங்கவே கூடாது. வீச்சு எட்டாது என்று தோன்றினால் கயாக்கைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு நடந்து போய் வீசுங்கள்.

அடுத்தது பாலத்தூண். தூணுக்குக் கீழ்ப்பக்கம் ஓட்டம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் ஒரு முக்கோணம் அமைதியாக இருக்கும். மீன் அதன் விளிம்பில் நிற்கும். தூணுக்கு முன்னால், ஓட்டம் மோதிப் பிரியும் இடத்தில் இருக்கும் சிறு மெத்தை போன்ற நீரிலும் ஒன்று நிற்கும். அதைப் பலர் விட்டுவிடுவார்கள். பெரியது பல நேரம் அங்கேதான் இருக்கும்.

ஓடைவாய் மூலை, தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் சீமைக் கருவேல மரம், பழைய படித்துறைக் கல், இறால் பண்ணையின் வடிகால் குழாய் எல்லாமே இதே கணக்குத்தான். ஓட்டம், மறைவு, இரை வரும் வழி மூன்றும் ஒன்றாக இருக்கிற இடத்தைத் தேடுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் ஐந்து வீச்சு போட்டுவிட்டு நகருங்கள்.

எங்கெல்லாம் போகக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகள் வனத்துறையின் காப்புக்காடுகள். கோடியக்கரை சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே தூண்டில் போடக் கூடாது. அணைக்கரைப் பக்கமும் சிதம்பரத்தைச் சுற்றிய கொள்ளிடத்து நீர்நிலைகளிலும் முதலை உண்டு. அந்தப் பகுதியில் கயாக் இறக்கவே வேண்டாம். வேறு எங்கே போனாலும் பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு இழுத்துப் போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நிற்பது எப்படி

பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம், 32 அங்குலத்துக்குக் குறையாத அகலம், மேலே உட்காரும் வகைக் கயாக் போதும். காற்றடைக்கும் வகை விலை மலிவு, ஆனால் நம் கழிமுகத்தில் பாறையெல்லாம் சிப்பி, கரையெல்லாம் கருவேல முள். ஒரு பருவம் தாங்காது.

ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், சேற்றுத் தரையில் நங்கூரத்தைவிட மூங்கில் கழி மேல். எட்டு ஒன்பது அடி நீளம், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த முற்றிய கழி. நுனியைச் சாய்வாகச் சீவி, தலைப்பக்கம் ஒன்றரை மீட்டர் கயிறு கட்டுங்கள். ஓட்டத்தை எதிர்த்துச் சாய்வாக இரண்டடி ஆழம் ஊன்றினால் சத்தமில்லாமல் படகு நிற்கும். நங்கூரம் போடும்போது கிளம்பும் 'தொம்' சத்தமும் சேறும் இதில் இல்லை.

ஆழமோ ஓட்டமோ அதிகமானால் நங்கூரம். மடக்குக் கொக்கி வகை, ஒன்றரைக் கிலோ போதும். கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது விட வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர். கயிறு குட்டையாக இருந்தால் கொக்கி தரையில் படுக்காமல் நிமிர்ந்து நின்று உழுதுகொண்டே வரும். 'நங்கூரம் பிடிக்கவில்லை' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கயிறு விடுவதில் கஞ்சம் பிடித்தவர்கள்.

கயிற்றை எங்கே கட்டுவது என்பதுதான் உயிர் விஷயம். உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிறது என்று, பக்கவாட்டுக் கைப்பிடியில் கட்டிவிடுவார்கள். ஓட்டத்தில் படகு குறுக்கே திரும்பும், கயிறு விளிம்பைக் கீழே இழுக்கும், தண்ணீர் ஏறி மூன்று நொடியில் கவிழும். கயிறு படகின் முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோதான் போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் செய்ய ஒரு வழி உண்டு: முன்னும் பின்னும் ஒவ்வொரு சின்னக் கப்பி பொருத்தி, படகின் ஒரு பக்கம் நெடுக 5 மி.மீ. நைலான் கயிற்றை வளையமாக ஓட்டி, நடுவில் ஒரு ஸ்டீல் வளையம் கோத்துவிடுங்கள். நங்கூரக் கயிற்றை வளையத்துக்குள் விட்டு, கயிற்றை இழுத்து வளையத்தை முன்முனைக்கோ பின்முனைக்கோ தள்ளிக்கொள்ளலாம். கப்பியும் கயிறும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். திருகாணி போட்ட துளைகளில் சிலிக்கான் பூச மறக்காதீர்கள்.

கயிற்றின் இந்தப் பக்கத்து நுனியை இழுத்தால் அவிழும் சுருக்குமுடிச்சில் கட்டுங்கள், அதோடு ஒரு காலி ஒரு லிட்டர் பாட்டிலையும் இணைத்து வையுங்கள். பெரிய மீன் ஓடினாலோ இயந்திரப் படகு நேரே வந்தாலோ நுனியை இழுத்துவிட்டால் போதும். பாட்டில் மிதந்து கிடக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி நிற்குமிடம். பாலத்தூண் என்றால் தூணுக்குக் கீழ்ப்பக்கமாக, ஓட்டத்தின் ஓரத்தில், 12 முதல் 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மேல்நீரைக் குறுக்காகப் பார்த்து வீசினால் லூர் ஓட்டத்தோடு இறங்கித் தூணை உரசியபடி வரும். இரை இயல்பாக வரும் வழி அதுதான். ஓட்டத்தை எதிர்த்து நீந்திவரும் இரண்டு அங்குல மடவையை எந்தக் கொடுவாவும் நம்பாது. ஓடைவாய் என்றால் வாயிலிருந்து விலகி, பெரிய ஆற்றின் பக்கமாகக் கழி ஊன்றி, ஓடைக்குள் வீசி வெளியே இழுங்கள். நேராக ஓடைவாயில் போய் நின்றால் மீன் நிற்கும் இடத்தின் மேலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் ஆழத்தில் துடுப்பு படகில் தட்டும் சத்தம் மீனுக்கு முரசு போலக் கேட்கும். துடுப்பு வைக்கும் இடம், டப்பா வைக்கும் இடம், காலடி மூன்றிலும் பழைய யோகா பாயை வெட்டி ஒட்டுங்கள். கடைசி 30 மீட்டரைக் காற்றிலோ ஓட்டத்திலோ மிதந்து சேருங்கள். சேர்ந்ததும் வீசாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கடினமான அறிவுரைதான், தெரியும்.

ராடு, ரீல், நரம்பு

ராடு ஏழு அடி, மீடியம் ஹெவி (சற்று விறைப்பான வகை). கயாக்கில் இந்த நீளத்துக்குக் காரணம் வீச்சுத் தூரம் மட்டுமில்லை. மாட்டிய மீன் அடியால் புகுந்து மறுபக்கம் ஓடும்போது ராடு நுனியைத் தண்ணீருக்குள் நேரே விட்டு, படகின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். இருக்கையிலிருந்து மூக்குவரை எட்டாத குட்டை ராடு விளிம்பில் படுத்து ஒடியும். அதேநேரம் ராட்டின் அடிப்பிடி நீளமாக இருந்தால் லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கும். வாங்கும்போதே ஜாக்கெட் போட்டு உட்கார்ந்து பாருங்கள், கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை.

ரீல் 3000 அல்லது 4000 அளவு. பிரெய்டு (பின்னல் நரம்பு) 20 முதல் 30 பவுண்டு, 150 மீட்டர். முனையில் 40 பவுண்டு லீடர் (லூர் பக்கம் கட்டும் தடித்த நரம்பு), தூண் இடுக்கிலும் சிப்பியிலும் 60. கொடுவாவுக்குக் கடித்து அறுக்கும் பல் கிடையாது. அறுப்பது இரண்டு விஷயங்கள்: அரம் போன்ற உதடு, கத்தி போன்ற செவுள் மூடியின் ஓரம். மீன் துள்ளித் தலையை உதறும்போது செவுள் மூடி நரம்பில் பட்டால் பிரெய்டு நூல் போல அறும்.

லீடர் நீளம் ஒரு மீட்டர், அதிகம் போனால் 1.2. அதைவிட நீளமானால் உட்கார்ந்து வீசும்போது முடிச்சு வளையங்களுக்குள் போய்த் தடுக்கும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க, கரையில் உட்கார்ந்து கட்டினால் எஃப்ஜி முடிச்சு. ஆடும் படகில் ஈரக்கையோடு கட்டுவதற்கு இரட்டை யூனி போதும். லூரைக் கண்ணி முடிச்சால் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் ஆட்டம் செத்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு அடியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். இதைச் சோம்பலால் விட்டவர்கள்தான் 'முடிச்சு அவிழ்ந்துவிட்டது' என்று சொல்பவர்கள்.

டிராக்கை (ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) கையால் இழுத்துப் பார்த்து 'சரியாக இருக்கு' என்று சொல்வதை நம்ப முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி ராடைத் தூக்குங்கள். ராடு வளைந்து, பாட்டில் மெதுவாகக் கீழிறங்கும் அளவுக்குத் திருகினால் அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. கயாக்குக்கு அதுவே போதும். மீனோடு சேர்ந்து படகும் நகர்வதால் படகே ஒரு டிராக். அதற்குமேல் இறுக்கினால் பக்கவாட்டில் ஓடும் ஐந்து கிலோ மீன் உங்களைச் சாய்த்துவிடும்.

லூரும் இழுப்பும்

பத்து லூர் டப்பா தேவையில்லை. நான்கு அங்குல வால் ஆட்டும் ரப்பர் மீன் ஒரு பாக்கெட், 7 கிராமில் மூன்று, 12 கிராமில் மூன்று ஜிக் ஹெட் (ஈயத்தலை வைத்த முள்), 90 முதல் 110 மி.மீ. நீளத்தில் நடுநீரில் நிற்கும் மினோ (சின்ன மீன் வடிவ லூர்) இரண்டு, விடியலுக்கு மேல்நீரில் நெளியும் ஒன்று. இவ்வளவே. கலங்கிய தண்ணீரில் கறுப்பும் தங்கமும், தெளிந்த தண்ணீரில் வெள்ளையும் வெள்ளியும்.

ஜிக் ஹெட் எடையை ஓட்டம் தீர்மானிக்கும். வீசி, நரம்பை லேசாக விறைப்பாக வைத்து எண்ணுங்கள். இரண்டு மீட்டர் ஆழத்தில் மூன்று நான்கு எண்ணுவதற்குள் தரை தட்டினால் சரி. ஒன்று என்பதற்குள் விழுந்தால் கனம் அதிகம், சிக்கும். தரையே தெரியாவிட்டால் லூர் மீன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. இழுப்பு: நுனியால் இரண்டு சுண்டு, இரண்டு மூன்று நொடி சும்மா. தாக்குதல் பெரும்பாலும் அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். கொடுவா கடிக்காது, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். கையில் தெரிவது 'டொக்' என்ற ஒரு தட்டல். நரம்பு முழு விறைப்பாக இருந்தால் உறிஞ்சினாலும் லூர் வாய்க்குள் போகாது. கொஞ்சம் தொய்வு இருக்கட்டும்.

தட்டியதும் கரையில் செய்வதுபோல ராடை மேலே வெடுக்கென்று தூக்கினால் என்ன ஆகும்? காலுக்குக் கீழே தரை இல்லை. படகு மீனை நோக்கி நகரும், விசையில் பாதி அதில் போகும், மீதியில் நீங்கள் மல்லாந்து சாய்வீர்கள். அதற்குப் பதில் ரீலை வேகமாக மூன்று சுற்று சுற்றி விறைப்பாக்கி, ராடைத் தண்ணீர் மட்டத்தோடு பக்கவாட்டில் இழுங்கள். இப்படிச் செய்தால் முள் ஏறுவது உங்கள் பலத்தால் அல்லாமல் முள்ளின் கூர்மையால் என்பதால், நகத்தில் வைத்தால் வழுக்காத முள்ளாக இருக்க வேண்டும். உப்புநீரில் இரண்டு நாள் கிடந்தால் கூர் போய்விடும். சின்ன அரம் ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மினோவோடு வரும் மும்முனை முட்களைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுவதை வலியுறுத்திச் சொல்கிறோம். மீன் மடிக்குப் பக்கத்தில் துள்ளும் இடம் கயாக். ஒரு முனை மீன் வாயிலும் இன்னொரு முனை உங்கள் தொடையிலும் இருக்கும் நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். முள் கழலாமல் பிடிக்கும் எதிர்முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்.

உயிர் இரைதான் வேண்டும் என்றால் விரல் நீள இறாலை வால் பகுதியில் கோத்து, 3/0 வட்ட முள், தக்கைக்குக் கீழே ஒரு மீட்டர். வட்ட முள்ளில் சுண்டக் கூடாது. நரம்பு ஓடும்போது மெதுவாகச் சுற்றினால் தானே உதட்டோரம் மாட்டும். இறாலுக்கு முதலில் வருவது கெளுத்தியாக இருக்கும். அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். கையால் தொடாமல் நரம்பை அறுத்துவிடுங்கள், முள் போனால் போகட்டும்.

மாட்டிய பிறகு

முதல் ஓட்டம் தூணை நோக்கியோ வேரை நோக்கியோ இருக்கும். அந்தப் பத்து நொடிதான் சண்டை. கழியை அவிழ்த்துவிட்டால் மீன் படகை இழுக்கும், நீங்கள் மறைவிலிருந்து விலகும் திசையில் ஒரு கையால் இரண்டு துடுப்புப் போட்டால் மீனும் கூடவே வெளியே வரும். மீனை எப்போதும் முன்முனைப் பக்கமாக, கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். துள்ளப்போகிறது என்றால் நரம்பு மேலே ஏறுவது தெரியும். ராடு நுனியைத் தண்ணீரில் அமுக்குங்கள்.

பக்கத்தில் வந்ததும் அவசரப்படாதீர்கள். டிராக்கைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, ராடைப் பின்பக்கமாக நீட்டி, மறுகையில் வலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் வைத்து மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். மீனைத் துரத்தி வலையை வீசினால் நீங்கள் ஒரு பக்கம் சாய்வீர்கள், மீன் மறுபக்கம் போகும். உதட்டுப் பிடிப்பான் வைத்திருந்தால் கீழ்த்தாடையில் மாட்டுங்கள். செவுளுக்குள் கைவிட்டுத் தூக்குவது உங்கள் விரலுக்கு ஆகாது.

கொடுவா ஆணாகப் பிறந்து, வளர்ந்து பெண்ணாக மாறும் மீன். முக்கால் மீட்டரைத் தாண்டியவற்றில் முட்டை போடும் பெண் இருக்கலாம். அரை மீட்டருக்குக் குறைந்தது பெரும்பாலும் இன்னும் ஒரு முறைகூட இனப்பெருக்கம் செய்திருக்காது. நடுவில் இருப்பதைச் சமைக்க எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். விடும்போது வயிற்றைத் தாங்கிப் படுக்கைவாக்கில் பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டினால் தானே உதறிக்கொண்டு போகும்.

தண்ணீர் உப்பில்லாத நாளில்: விரால்

ஓதம் சரியில்லாத நாட்களுக்கு ஏரி குளங்களில் விரால் இருக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் பார்க்கும் ரப்பர் தவளை வித்தை இங்கே அப்படியே செல்லும். மாசி முதல் தண்ணீர் சுருங்க, வெங்காயத்தாமரைக்கும் அல்லிக்கும் நடுவில் மீன் அடைந்துகொள்ளும். 50 பவுண்டு பிரெய்டில் லீடர் இல்லாமல் தவளையை நேரே கட்டி, இலைமேல் வீசி, சந்துகளில் நிறுத்தி நிறுத்தி இழுக்கவும். தண்ணீர் வெடித்ததும் சுண்டாதீர்கள். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி, கனம் தெரிந்த பிறகு இழுங்கள். முள் இரண்டையும் ஒரு மயிரிழை வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் தப்புவது குறையும். வீசும் முன்பே படகின் மூக்கைச் செடிக்குள் சொருகிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இழுப்பது மீனையா படகையா என்று தெரியாது.

செம்பழுப்பாகக் குஞ்சுக்கூட்டம் மேலே கொப்பளிப்பதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கும், எதை வீசினாலும் பாயும். பிடித்துவிட்டால் குஞ்சு மொத்தமும் ஜிலேபி மீனுக்கு இரை. இறங்கும் முன் மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகை யார் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வடுவூர் போலப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரிகளை விட்டுவிடுங்கள்.

காற்றும் திரும்பி வருவதும்

விடியலில் நம் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு. வற்றமும் கடலுக்கு. இரண்டும் சேர்ந்த காலையில் முகத்துவாரத்தை நோக்கி மிதந்து போவது சுகமாக இருக்கும், திரும்புவதற்கு வழி இருக்காது. முகத்துவார மணல்திட்டில் வெளியே ஓடும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதிச் செங்குத்தாக எழும். கயாக்குக்கு அது இடமில்லை. முகத்துக்கு அரைக் கிலோமீட்டர் உள்ளேயே எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தோடு உள்ளே போய், ஓதம் திரும்பும் நேரத்தில் மீன்பிடித்து, வற்றத்தோடு இறக்கிய இடத்துக்கே வந்து சேரும்படி திட்டமிட்டால் கை வலிக்காது. ஆனால் பதினொரு மணிக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பினால் வற்றத்தை எதிர்த்துச் சிற்றலை கிளம்பும், முகத்தில் அடித்துக்கொண்டே வரும். பத்து மணிக்குக் கரையேறிவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டபடிதான், மடியில் வைத்தபடி இல்லை. அதில் ஒரு சின்னக் கத்தியும் விசிலும் கட்டியிருக்கட்டும். முதல் முறை ஆற்றில் இறங்கும் முன் ஊர்க் குளத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். கவிழ்ந்த படகின் மேல் குறுக்கே கைபோட்டு மறுவிளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்தவும். பிறகு உடம்பை நீர்மட்டத்தில் நீட்டிக் காலை உதைத்து, வயிறு படகில் படும்படி ஏறி, புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுக்கவும். நேராக நின்றபடி ஏற முயன்றால் படகு மறுபடி உங்கள்மேல் கவிழும். துணியோடும் ஜாக்கெட்டோடும் மூன்று முறை முடிந்தால்தான் ஆறு. போனை இரட்டைப் பையில் போட்டு உடம்போடு கட்டுங்கள். கடலோரக் காவல்துறை எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554.

கடைசியாக வலைகள். ஆற்றுக்குக் குறுக்கே மிதக்கும் தெர்மாகோல் துண்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் குப்பை இல்லை, யாரோ ஒருவரின் அன்றைய சோறு. இறங்கும் துறையில் நிற்பவரிடம் "அண்ணே, எந்தப் பக்கம் வலை கிடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனால் வலையும் பிழைக்கும், உங்கள் லூரும் பிழைக்கும். பாதி நாள் கொடுவா எங்கே துள்ளியது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். வலையில் லூர் மாட்டிவிட்டால் வலையை அறுக்காமல் லீடரை அறுங்கள்.